பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் இதயத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களுள் ஒன்று. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வருவதற்கு 2006ஆம் ஆண்டின் இறுதி ஆகிவிட்டது. தாயிடமிருந்து தொற்றைப் பெற்றுப் பிறந்து, மருந்து வந்து சேரும்வரை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தைகள்தாம் இன்று இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அடுத்த பிறந்தநாளைப் பார்ப்பார்களா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில், நாற்பது வயதில் இவர்களுடைய இதயம் எப்படியிருக்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அதைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்த வழிகாட்டி பிறப்பிலேயே தொற்றைப் பெற்று வளர்ந்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் உரியது. இதில் சொல்லப்படும் மருந்து மாற்றங்கள் எதையும் தாமாகச் செய்யக் கூடாது. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கே இது உதவும்.

இளம் வயதில் இதயத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரையும், இருபத்தைந்தாவது வயதில் தொற்றுக்கு ஆளாகி இப்போது நாற்பத்தைந்து வயதாகும் ஒருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். வயதைக் கேட்டால் முதலாமவருக்கு இதயக் கவலையே இருக்கக் கூடாது. ஆனால் வைரஸைச் சுமந்த காலத்தைக் கணக்கிட்டால் அவர் 26 ஆண்டுகள், மற்றவர் 20 ஆண்டுகள்தாம். அதிலும் முதலாமவரின் 26 ஆண்டுகளில், இதயமும் இரத்தக் குழாய்களும் உருவாகி வளர்ந்த பருவம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் காட்டும் வயதை மட்டும் வைத்து இவர்களுடைய இதயத்தை எடைபோடக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

வைரஸ் இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்போது உடலின் எதிர்ப்பு அமைப்பு ஓய்வின்றி விழித்திருக்கிறது. அந்த ஓயாத அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துகிறது. அந்தச் சுவரில் கொழுப்பு படிவது எளிதாகிறது. மருந்தினால் வைரஸ் அடங்கிய பிறகும் இந்த அழற்சி முழுவதுமாக அணைந்துவிடுவதில்லை, நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று கணக்கிட்டது.

பிறப்பிலேயே தொற்றைப் பெற்றவர்களிடம் இதயத் தசையும் தனியாகப் பாதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவுவதற்கு முந்தைய ஆண்டுகளில் இத்தகைய குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பலருக்கு இடது கீழறை சுருங்கும் வலு குறைந்திருந்ததும் தசை தடித்திருந்ததும் தெரிந்தன. பின்னாளில் மருந்துடன் வளர்ந்த குழந்தைகளை அவர்களோடு ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வு, மருந்து இதயத்தைப் பெருமளவு காப்பாற்றியிருந்ததைக் காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளில் தாமதமாக மருந்து தொடங்கிய வளரிளம் பருவத்தினரிடம் தசை தடித்தல், இதயம் தளர்வதில் குறைபாடு, நுரையீரல் நோயினால் வலது கீழறை விரிதல் ஆகியவை காணப்பட்டன. நம் நாட்டுப் பிள்ளைகளில் கணிசமானோருக்கும் மருந்து தாமதமாகவே கிடைத்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

படி 1: உங்கள் மருத்துவ வரலாற்றை நீங்களே எழுதுங்கள்

பலர் அலட்சியம் செய்யும் படி இது. என் கருத்தில் இதுவே மிகவும் பயனுள்ளது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போதும், ஊர் மாறும்போதும், காப்பகத்திலிருந்து வெளியேறும்போதும் பழைய ஏடுகள் தொலைந்துபோகின்றன. கையிலுள்ள பச்சைப் புத்தகம் (சிகிச்சை மையம் தரும் பதிவேடு) சில ஆண்டுகளின் கதையை மட்டுமே சொல்லும். ஆகவே ஒரு நோட்டை எடுத்து, பிறந்த ஆண்டு, தொற்று கண்டறியப்பட்ட வயது, மருந்து தொடங்கிய வயது, அப்போதிருந்த சி.டி.4 (நோய் எதிர்ப்பு உயிரணுக்கள்) எண்ணிக்கை, இதுவரை இருந்தவற்றுள் மிகக் குறைந்த சி.டி.4 ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாதவற்றைக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள், அங்கே உங்கள் பெயரிலுள்ள பதிவு அட்டையில் பெரும்பாலானவை இருக்கும்.

அடுத்ததாக, எந்தெந்த மருந்துகளை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை உட்கொண்டீர்கள் என்று எழுத வேண்டும். தொடக்க காலத்தில் குழந்தைகளுக்கு ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை பரவலாகக் கொடுக்கப்பட்டது. ஸ்டாவுடின் கன்னத்திலும் கைகால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைத்துவிடும். இரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் குழப்பிவிடும். கன்னம் ஒட்டிப் போனதைச் சிறுவயதில் பள்ளியில் கேலி செய்தார்கள் என்று இன்றும் பலர் நினைவுகூர்வார்கள். அந்தக் கன்னம் ஓர் அழகுப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்பட்டது, உடலின் கொழுப்புச் செயல்பாடு சிதைந்ததன் அடையாளமாகப் பார்க்கப்படவில்லை. சிடோவுடின் தசை உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைப் பாதிக்கக் கூடியது. லோபினாவிரும் ரிடோனாவிரும் சேர்ந்த மருந்து இரத்தக் கொழுப்புகளான டிரைகிளிசரைடையும் கொலஸ்டிராலையும் ஏற்றும். அபாகாவிரை அப்போது உட்கொண்டுவந்தவர்களிடமும் அண்மையில்தான் நிறுத்தியவர்களிடமும் மாரடைப்பு கூடுதலாக இருந்ததை 2008இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு சுட்டிக்காட்டியது. இன்று பெரும்பாலானோர் உட்கொள்ளும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு இவற்றைவிட இதயத்துக்கு இணக்கமானது. ஆனால் டோலுடெக்ராவிருக்கு மாறியபின் சிலருக்கு உடல் எடை கூடுகிறது.

மூன்றாவதாகக் குடும்ப வரலாறு. "அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததுண்டா?" என்ற கேள்வியை எல்லா மருத்துவர்களும் கேட்பார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இவர்களில் பலருடைய பெற்றோர், இதய நோய் வெளிப்படும் வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். "இல்லை" என்று பதில் சொன்னால், பரம்பரையில் இதய நோய் இல்லை என்று ஏட்டில் ஏறிவிடும். உண்மையில் அது எவருக்கும் தெரியாது. ஆகவே பாட்டி, தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி ஆகியோரைப் பற்றி விசாரியுங்கள். ஆண்களில் 55 வயதுக்கு முன்பும் பெண்களில் 65 வயதுக்கு முன்பும் யாருக்காவது மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விசாரிக்க யாரும் இல்லையென்றால், மருத்துவரிடம் "இல்லை" என்பதற்குப் பதிலாக "தெரியாது" என்றே சொல்லுங்கள்.

காசநோய் வந்து குணமானதா, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்ததா, குழந்தைப் பருவத்தில் நுரையீரலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டா என்பனவும் இந்த நோட்டில் இருக்க வேண்டும். பழுதடைந்த நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்கிறது என்பதே காரணம்.

படி 2: வைரஸை அடக்கி வைப்பதே முதல் இதய மருந்து

மாத்திரையை இடையிடையே நிறுத்தினால் பக்கவிளைவு குறையும், அதனால் உடலுக்கு நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே எண்ணிப் பார்த்தது. அதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தபோது எதிர்பாராத செய்தி கிடைத்தது: மருந்தை நிறுத்தி நிறுத்தி உட்கொண்டவர்களுக்கு மற்ற நோய்களோடு இதய நோயும் கூடியிருந்தது. மாத்திரையால் இதயம் கெடும் என்று அஞ்சி மாத்திரையை விடுவது, கூரை ஒழுகுகிறது என்று வீட்டைவிட்டு மழையில் போய் நிற்பதற்கு ஒப்பாகும்.

பிறப்பிலிருந்தே மாத்திரை உட்கொள்பவர்களுக்கு ஒரு தனிச் சலிப்பு உண்டு. பதினெட்டு, இருபது வயதில் அது உச்சத்துக்குப் போகும். விடுதி அறையில் மாத்திரை டப்பாவை மறைப்பது, இரவுப் பணி, காதலரிடம் இன்னும் சொல்லாத நிலை என்று காரணங்கள் பலவும் உண்மையானவை. அறிவுரை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. எந்த நேரத்தில் உட்கொண்டால் யார் கண்ணிலும் படாது, டப்பாவிலிருந்து எடுத்து எதில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாள் விட்டுப்போனால் யாரிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம் என்பவற்றை மையத்தின் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுவதுதான் வழி. இரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அந்த எண் கூடியிருக்கிறது என்றால் அது உங்கள் இதயத்துக்கும் உரிய எச்சரிக்கை.

படி 3: எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண மக்களுக்கு முப்பது, நாற்பது வயதில் தொடங்கும் பரிசோதனைகளை இவர்கள் இருபதுகளிலேயே தொடங்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறை மையத்துக்குப் போகும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மாடிப்படி ஏறி வந்த உடனே பார்த்தால் அந்த அளவு பொய் சொல்லும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. வெவ்வேறு நாட்களில் 140/90க்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். 130/80ஐத் தாண்டினாலே உணவையும் உப்பையும் கவனிக்கத் தொடங்கிவிடலாம்.

இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே தையல் டேப்பினால் அளக்கலாம். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எல்லை. எடையைவிட இந்த அளவு இங்கே முக்கியம், ஏனெனில் பழைய மருந்துகளால் கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பவர்களின் எடை சரியாக இருப்பதுபோலவே தோன்றும். டோலுடெக்ராவிருக்கு மாறிய முதல் ஓராண்டில் மாதம் ஒருமுறை எடையைக் குறித்துவைப்பது நல்லது.

கொழுப்புப் பரிசோதனையை மருந்து மாற்றத்துக்கு முன்பும், மாறிய சில மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் செய்துகொள்ளலாம். மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்த்துவிட்டு விடாமல், எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு), எச்.டி.எல். (நல்ல கொழுப்பு), டிரைகிளிசரைடு மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் வயது எதுவானாலும் சிகிச்சை தேவை. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையத்துக்கும் ஆபத்து.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் எச்சரிக்கை நிலை, 126க்கு மேல் மறுமுறையும் இருந்தால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் இரத்தசோகை உள்ளவர்களிடமும் சில நேரங்களில் தவறான அளவைக் காட்டும்; ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் கெட்டால் இதயமும் கெடும் என்பதால் இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) சிறுநீரில் புரதமும் பார்க்கப்படும். டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சிறிது ஏறும். அது பெரும்பாலும் சிறுநீரகப் பழுதைக் குறிப்பதில்லை, கிரியாட்டினின் வெளியேறும் வழியை அந்த மருந்து சற்றுத் தடுப்பதால் வரும் ஏற்றம். இது தெரியாமல் வெளி ஆய்வகத்தின் அறிக்கையைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

படி 4: ஈ.சி.ஜி.யும் எக்கோவும் யாருக்கு?

எல்லோருக்கும் ஆண்டுதோறும் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் எதுவும் சொல்லவில்லை. செலவும் கவலையுமே மிஞ்சும். ஆனால் பெரியவர்கள் பிரிவுக்கு வந்த பிறகு ஒருமுறை அடிப்படை ஈ.சி.ஜி. எடுத்து நோட்டில் வைத்துக்கொள்வது பிற்காலத்தில் ஒப்பிட உதவும். படியேறும்போது நண்பர்களைவிட முன்னதாக மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது, படபடப்பு வருகிறது, காரணமின்றி மயக்கம் வந்தது, சிறுவயதில் இதயப் பாதிப்பு இருந்ததாகச் சொன்னார்கள், சி.டி.4 மிகக் குறைந்து பல ஆண்டுகள் மருந்தில்லாமல் இருந்தேன், நுரையீரல் நோய் நீடிக்கிறது என்பவற்றுள் எதுவும் பொருந்தினால் எக்கோ கேட்பதில் தவறில்லை. "சின்ன வயசுதானே, ஒன்றும் இருக்காது" என்று சொன்னால், படி 1இல் எழுதிய நோட்டை மருத்துவர் முன் திறந்து வையுங்கள்.

சில மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தையும் மாற்றும். லோபினாவிர், அட்டாசனாவிர், எஃபாவிரென்ஸ் ஆகியவற்றை உட்கொள்வோருக்கு வேறு மருந்துகள் சேர்க்கப்படும்போது ஈ.சி.ஜி. பார்ப்பது பாதுகாப்பு.

படி 5: ஆபத்துக் கணக்கு, ஸ்டாடின் குறித்த உரையாடல்

அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் உள்ளன. நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த அமெரிக்கக் கருவி 40 வயதில்தான் தொடங்குகிறது. 2023இல் வந்த புதிய கருவி 30 வயதிலிருந்து கணக்கிடுகிறது. இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தம் விவரங்களை இட்டால், கருவி ஏற்க மறுக்கும் அல்லது மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். இரண்டையும் நிம்மதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறப்பிலேயே தொற்றைப் பெற்ற அமெரிக்க இளையோரை, இளம் வயதினருக்கென்றே அமைந்த வேறோர் அளவுகோலால் அளந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரிடம் இதயத் தமனிகள் தொடர்பான ஆபத்து மதிப்பெண் ஏறியிருந்தது. எச்.ஐ.வி.யை ஆபத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்றாக 2018ஆம் ஆண்டின் அமெரிக்கக் கொலஸ்டிரால் வழிகாட்டு நெறியும் சேர்த்துக்கொண்டது.

2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு இத்துறையில் பெரிய திருப்பம். இந்தியா உள்பட 12 நாடுகளைச் சேர்ந்த, எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்துகளுள் ஒன்றான பிட்டாவாஸ்டாடின் 4 மி.கி. நாள்தோறும் கொடுத்தார்கள்; அவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் இதய நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. இவர்கள் எவருக்கும் தொடக்கத்தில் உயர் ஆபத்து இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 40 முதல் 75 வயதுவரை உள்ளவர்கள். பிறப்பிலேயே தொற்றைப் பெற்ற தலைமுறையில் பெரும்பாலோர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். வைரஸோடு மிக நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கே விடை கிடைக்காமல் போனது மருத்துவ ஆய்வுகளின் வழக்கமான முரண்.

ஆகவே நாற்பதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஸ்டாடினைப் பற்றித் தனித்தனியாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எல்.டி.எல். மிக அதிகம், சர்க்கரை நோய், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, புகைப்பழக்கம், நீண்ட காலம் கட்டுப்படாத வைரஸ் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "எனக்கு ஸ்டாடின் இப்போதே வேண்டுமா, எந்த எண்ணைத் தாண்டினால் தொடங்குவோம்?" இரண்டாவது பாதி முக்கியம், ஏனெனில் பதில் "இப்போது வேண்டாம்" என்றாலும் அடுத்த ஆண்டு எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 6: மருந்தும் மருந்தும் மோதாமல் பார்த்துக்கொள்வது

ரிடோனாவிர் என்ற மருந்து, கல்லீரல் பிற மருந்துகளைச் சிதைக்கும் வேலையைத் தடுத்துவிடும். இரண்டாம் கட்டச் சிகிச்சையில் உள்ள பலர் இதை வேறொரு மருந்தோடு சேர்த்து உட்கொள்கிறார்கள். இதோடு சிம்வாஸ்டாடினோ லோவாஸ்டாடினோ சேர்ந்தால், அவற்றின் அளவு இரத்தத்தில் பன்மடங்கு ஏறித் தசைகள் சிதையக் கூடும். இவ்விரண்டும் அறவே கூடாது. அட்டோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் குறைந்த அளவில் கொடுக்கலாம். பிட்டாவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை; ரிப்ரீவ் ஆய்வுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே ஒரு காரணம். டோலுடெக்ராவிர் உட்கொள்வோருக்கு ஸ்டாடின்களால் பெரிய மோதல் இல்லை.

இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினின் அளவும் ரிடோனாவிரோடு ஏறும். குறைந்த அளவில் தொடங்கி, கால் வீக்கத்தையும் தலைச்சுற்றலையும் கவனிக்க வேண்டும். நாள்பட்ட இருமலுக்காக ஃப்ளூடிகசோன் அல்லது புடசோனைடு உள்ள இன்ஹேலரைப் பயன்படுத்தினால், ரிடோனாவிர் அந்த ஸ்டீராய்டை உடலெங்கும் தேங்கவைத்து முகம் வீங்கி, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். பெக்ளோமெத்தசோன் இதற்கு மாற்று. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமினும், நுரையீரல் இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சில்டெனாஃபிலும் ரிடோனாவிரோடு சேரக் கூடாதவை.

டோலுடெக்ராவிருக்கு வேறு சில விதிகள் உண்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை அது உயர்த்துவதால், நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகாமல் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வயிற்றெரிச்சலுக்காகக் கடையில் வாங்கிக் குடிக்கும் இளஞ்சிவப்பு நிற மருந்துகளில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அவற்றைக் குடிக்க வேண்டியிருந்தால் டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ உட்கொள்ள வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளி பொருந்தும். ஆனால் சாப்பாட்டோடு உட்கொள்வதானால் கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் டோலுடெக்ராவிரோடு சேர்த்தே உட்கொள்ளலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இருமுறை உட்கொள்ள வேண்டிவரும்.

இதய நோய் மருத்துவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டுமா என்ற தயக்கம் இயல்பானது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. உங்கள் நிலையை இரகசியமாகக் காக்கும் கடமையையும் விதிக்கிறது. சட்டம் இருந்தும் நடைமுறை எப்போதும் அப்படி இருப்பதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவருக்கு மட்டுமாவது உங்கள் மாத்திரைகளின் பெயர்கள் தெரிந்தாக வேண்டும். வரவேற்பறையில் உரக்கச் சொல்லத் தேவையில்லை. மருத்துவர் அறைக்குள் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினால் போதும். ஆலோசனை வேண்டுவோர் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பேசலாம்.

படி 7: சோறு, நடை, புகை

"நன்றாகச் சாப்பிடு, உடம்பு தேறட்டும்" என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். மெலிந்த குழந்தைக்கு அது சரியான அறிவுரைதான். இருபத்தெட்டு வயதில், உட்கார்ந்த வேலையில், டோலுடெக்ராவிரோடு, அதே அறிவுரை பொருந்தாது. மூன்று வேளையும் அரிசி என்றால் டிரைகிளிசரைடு ஏறும். ஒரு வேளையையாவது கேழ்வரகு, கம்பு, பயறு, சுண்டல் என்று மாற்றலாம். தட்டில் பாதியைக் காய், கீரையால் நிரப்பிவிட்டால் சோறு தானாகக் குறையும். நியாய விலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெய், நல்லெண்ணெயைவிட இரு மடங்குக்கும் அதிகம்; அதையே நம்பியிருக்கும் குடும்பங்கள் எண்ணெயின் மொத்த அளவையாவது குறைத்துக்கொள்ள வேண்டும். மத்தி, அயிலை போன்ற மலிவான மீன்களைக் குழம்பாக வைத்தால் இதயத்துக்கு நல்லது, பொரித்தால் அந்தப் பலன் குறையும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் நான்கும் ஒரே நாளில் இலையில் விழுந்தால் அந்த அளவு மதியமே தாண்டிவிடும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வியர்க்கும்படியான நடை போதும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் எக்கோவுக்குப் பிறகு தொடங்குங்கள். புகை, பீடி, குட்கா பற்றிச் சொல்ல ஒரே வாக்கியம்தான் உண்டு: அழற்சியுற்ற இரத்தக் குழாய்க்குப் புகையிலை செய்யும் கேட்டை எந்த ஸ்டாடினும் ஈடுகட்டாது. விட முயல்வோருக்கு 1800 112 356 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

மனச்சோர்வை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பெற்றோரைச் சிறுவயதில் இழந்து, இரகசியத்தோடு வளர்ந்தவர்களிடம் அது அதிகம். மாத்திரை விட்டுப்போவதும், புகைப்பதும், தூக்கம் கெடுவதும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

படி 8: தாய்மை அடைய விரும்பும் பெண்கள்

கருவுற்ற காலத்தில் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு பாதியளவு வரை கூடுகிறது. சிறுவயதில் தசை பலவீனம் இருந்தவர்களுக்கு அதுவரை தெரியாத குறை அப்போது வெளிப்படலாம். ஆகவே கருவுறுவதற்கு முன்பே ஒருமுறை ஈ.சி.ஜி., தேவையானால் எக்கோ, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்டாடின் உட்கொள்பவர்கள் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதை நிறுத்திவைப்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிள்ளை பிறந்த பிறகான மாதங்களிலோ படுத்தால் மூச்சுமுட்டுவது, கால் வீக்கம் வற்றாமல் இருப்பது ஆகியவற்றைப் "பிள்ளை பெற்ற உடம்பு" என்று விட்டுவிடக் கூடாது.

படி 9: நெஞ்சு வலி வந்தால்

இளம் வயதில் வரும் மாரடைப்பு நம் ஊரில் முதலில் "வாயு" என்ற பெயரைத்தான் பெறுகிறது. சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கு வலி தெளிவாக இல்லாமல் களைப்பும் குமட்டலுமாக வரக்கூடும். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் உதவியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் எந்த எச்.ஐ.வி. மருந்தில் இருந்தாலும் அந்த முதல் மாத்திரைகளை மறுக்க வேண்டாம். ஆனால் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும், ரிடோனாவிர் உட்கொள்கிறவராயின் அதை உடனே சொல்லியாக வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளுள் குளோபிடோக்ரெல் வேலை செய்வதை ரிடோனாவிர் குறைக்கிறது, டிகாக்ரெலாரின் அளவை ஆபத்தாக ஏற்றுகிறது. வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். பேச முடியாத நிலை வரலாம் என்பதால், மருந்துகளின் பெயர்களை மட்டும், நோயின் பெயர் இல்லாமல், ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.